பௌர்ணமியன்று விழுந்த தேதி

ஊசி என்றால் ஒன்றோ இரண்டோ இருக்கும் என்றுதான் அருணாதேவி நினைத்திருந்தாள். ஒரு நாள் போய்ப் படுத்தால் டாக்டர் ஏதோ செய்வார், பத்து மாதத்தில் பிள்ளை பிறந்துவிடும். டெஸ்ட் டியூப் வைத்தியத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"மாதவிலக்கு ஆன ரெண்டாம் நாள் வந்துடுங்க," என்றார் திருவண்ணாமலை டவுனில் இருந்த ஆஸ்பத்திரியின் டாக்டரம்மா. "அன்னியிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரே நேரத்துக்கு வயித்துல ஊசி. நடுநடுவுல ஸ்கேன். முட்டை பெருசானதும் மயக்கம் குடுத்து எடுப்போம். அன்னிக்கே உங்க வீட்டுக்காரர் விந்து குடுக்கணும். ரெண்டையும் லேப்ல சேர்த்து, கரு வளர்ந்ததும் உள்ள வைப்போம். முதல் தடவையே நின்னுடும்னு மட்டும் நான் வாக்கு குடுக்க மாட்டேன்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முருகவேல் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "டாக்டர் இன்னா சொன்னாங்க?" என்று அவளிடமே கேட்டான்.

அவர்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் ஆகியிருந்தது. முருகவேல் அடி அண்ணாமலையில் குட்டியானை வண்டி வைத்துத் தண்ணீர் கேன் போடுகிறவன். அருணாதேவிக்கு டவுனில் ஓர் இ-சேவை மையத்தில் வேலை. குறை அவனிடம்தான் இருந்தது. விந்தணு கம்மி, இருப்பதிலும் ஓட்டம் போதவில்லை என்று டாக்டரம்மா இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு சொல்லியிருந்தார். அவளிடம் எந்தக் கோளாறும் இல்லை. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத அருணா," என்று மருந்துக்கடை வாசலிலேயே கெஞ்சினான். சரி என்றுவிட்டாள். அன்றைக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

ஊசி ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. ஊசியைப் பார்த்தாலே அவனுக்குத் தலை சுற்றும். ஆகவே தினமும் அவளே வயிற்றுச் சதையைப் பிடித்துக் குத்திக்கொண்டாள். குத்திய இடமெல்லாம் நீலம் பாய்ந்தது. வயிறு உப்பிச் சுடிதார் நாடா இறுகியது. காரணமே இல்லாமல் அழுகை வந்தது. ஆதாருக்கு ஓடிபி வரவில்லை என்று கேட்க வந்த ஒரு பெரியவர் முன்னால் அவள் பொலபொலவென்று அழ, "அப்பால வரேன்மா, நீ ஒண்ணும் அவசரப்படாத," என்று அவர் எழுந்து போய்விட்டார்.

வீட்டில் மாமியார் பாஞ்சாலையின் கண்காணிப்பு. கம்ப்யூட்டர் சூடு கர்ப்பப்பைக்கு ஆகாது. ஃபேனுக்கு நேராகப் படுக்கக் கூடாது. வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு எழுந்தால், "எதுக்கு இப்டி வெடுக்குனு எழுந்திரிக்கிற?" தினமும் ஒரு கிண்ணம் ஆட்டுக்கால் சூப் வேறு. மனசார வைத்துக் கொடுத்ததால் சண்டையும் போட முடியாது. கிண்ணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, கீழ்பென்னாத்தூரில் இருக்கும் தங்கைக்கு போன் போடுவாள்.

"எம் மருமவளுக்கு கர்ப்பப்பையில கோளாறுடி. அதான் மிஷினு வெச்சிப் பண்றாங்க. பாவம், அவ இன்னா பண்ணுவா?"

சூப்பைக் குடித்துக்கொண்டே அருணாதேவி கணவனைப் பார்ப்பாள். அவன் வெளியே போய்க் காலி கேன்களை எண்ண ஆரம்பித்துவிடுவான்.

கடைசி ஸ்கேன் முடிந்ததும் நர்ஸ் அறிவுமதி, "முட்டை நல்லா வளர்ந்திருக்குக்கா, கொஞ்சம் ஜாஸ்தியாவே. நாளன்னிக்குக் காலைல எடுத்துடலாம்," என்றாள்.

நாளை மறுநாள் பௌர்ணமி. அடி அண்ணாமலை கிரிவலப் பாதையிலேயே இருக்கிற ஊர். அன்றைக்கு அங்கிருந்து சைக்கிள்கூட நகராது.

"ஒரு நாள் தள்ளி வெச்சுக்கலாமாம்மா?"

"முட்டைக்குப் பௌர்ணமி தெரியுமாக்கா? தள்ளிப் போனா தானா உடைஞ்சிடும். முந்தின நாளே டவுனுக்கு வந்து தங்கிடுங்க."

முருகவேல் கேட்கவில்லை. "லாட்ஜு எல்லாம் ஃபுல்லு. கிரிவலத்துக்கே தண்ணி போடறவன் நானு. நம்ம வண்டிக்குப் பாஸ் இருக்குது. நீ கம்முனு வா."

பௌர்ணமியன்று காலை, மயக்க மருந்துக்காகப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் குட்டியானையில் ஏறினாள். டிரைவர் சீட்டில் முருகவேல், கதவோரம் பாஞ்சாலை, நடுவில் கியர் முழங்காலில் இடிக்க அருணாதேவி. ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிற்றுக்குள் கல் உருண்டது. பாதை நிறைய வெறுங்காலோடு ஜனம். கொஞ்ச தூரத்திலேயே தடுப்பு வைத்து மறித்திருந்தார்கள்.

கான்ஸ்டபிள் பாஸை வாங்கிப் பார்த்தார். "தண்ணி வண்டிக்கு நேத்து சாயங்காலம் வரிக்கும்தான் பாஸு. படிச்சிப் பாக்கலியா?"

அருணாதேவி மெதுவாகத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போவணும் சார்," என்றான் அவன்.

"இன்னா கேஸு?"

"வயித்து வலி சார்."

"அதோ மெடிக்கல் கேம்ப். எறங்கிப் போய் மாத்திரை வாங்கிக்கோங்க."

பாஞ்சாலை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "வலி எல்லாம் இல்ல சார். எம் மருமவளுக்குக் குறை. ஏழு வருசமா வயிறு தொறக்கல. இன்னிக்கு ஆபரேசன்."

நடந்துகொண்டிருந்தவர்கள் நின்றார்கள். ஒரு பெண், "அடப் பாவமே," என்று கிட்ட வந்து, ஜன்னலுக்குள் கைவிட்டு அருணாதேவியின் நெற்றியில் விபூதி பூசினாள். தொன்னையில் இருந்த சர்க்கரைப் பொங்கலை நீட்டி, "சாப்புடும்மா, எல்லாம் சரியாப் போவும்," என்றாள்.

அவ்வளவுதான் தாங்கியது.

"எனக்கு ஒரு குறையும் இல்ல!" அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "குறை உங்க புள்ளைக்கு அத்தை. டாக்டர் சொல்லி எவ்ளோ நாளாச்சு. அவரு வாயத் தொறக்கல. ஊசி எனக்கு, ஸ்கேன் எனக்கு, ஆபரேஷன் எனக்கு, பேரும் எனக்கா?" பிறகு கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினாள். "சார், நேரத்துக்கு நான் அங்க போகலன்னா முட்டை உள்ளயே உடைஞ்சிடும். போட்ட ஊசி அத்தனையும் வீணு. விடுவீங்களா, மாட்டீங்களா?"

கான்ஸ்டபிள் யார் முகத்தையும் பார்க்காமல் தடுப்பைத் தானே இழுத்து, விசில் ஊதி முன்னால் நடந்தார். குட்டியானை அவர் பின்னாலேயே ஊர்ந்தது.

மயக்கம் தெளிந்தபோது அறிவுமதி கட்டில் பக்கத்தில் நின்றிருந்தாள். "உங்க வேலை முடிஞ்சுதுக்கா, நெறைய முட்டை. ஆனா அண்ணனால தர முடியல. ரெண்டு தடவை ரூமுக்குப் போயிட்டு வந்துட்டாரு."

அவனைக் கூப்பிடச் சொன்னாள். கண் சிவந்து வந்து நின்றான்.

"நான் கத்தினதுல கோவமா?"

"இல்ல. நான் சொல்லியிருக்க வேண்டியத நீ சொன்ன."

"அப்புறம் என்னங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "அந்த ரூமுக்கு எதிர்லயே அம்மா உக்காந்துகினு இருக்குது. ரெண்டு தடவ கதவத் தட்டி, தண்ணி வேணுமாடான்னு கேக்குது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் அடிவயிறு வலித்தது. வலியில் இன்னும் எரிச்சல் வந்தது. மாமியாரை வரச் சொன்னாள்.

பாஞ்சாலை வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். தடுப்பைத் தாண்டியதிலிருந்து மருமகளிடம் அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"அத்தை, எனக்கு இளநி வேணும். ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் வாங்கிட்டு வாங்க. மெதுவா வாங்க."

"அவன் வெளிய வர வரிக்கும் நான் இங்க இருக்கக் கூடாது. அதான?"

"ஆமா அத்தை."

பாஞ்சாலை கதவு வரை போய்த் திரும்பினாள். "பள்ளிக்கூடம் படிக்கச்சொல்ல அவனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்துச்சி. காய்ச்சல்ல கெடந்தான். கீழ்ப்பக்கமும் வீங்கிப் போச்சு. நான் என் சங்கிலியக் கழட்டிக் கழுத்துல போட்டு வுட்டேன், டாக்டருகிட்ட காட்டல. அதனாலதான் இப்டி ஆச்சா?"

அருணாதேவி எதிர்பார்த்ததெல்லாம் ஒரு சண்டை.

"தெரியலை அத்தை. இருக்கலாம். டாக்டரைக் கேப்போம்."

பாஞ்சாலை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அந்தக் கூட்டத்தில் அவள் இளநீரோடு திரும்பி வந்தபோது முருகவேல் வரவேற்பறையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

அத்தனை பாடுபட்டும் அந்த மாதம் கரு வைக்கவில்லை. "சினைப்பை ரொம்ப வீங்கியிருக்கு. இப்ப வெச்சா உங்களுக்கு ஆபத்து. கருவை உறைய வெச்சிட்டு அப்புறம் பார்க்கலாம்," என்றார் டாக்டரம்மா. முதல் நாளே இதையும் சொல்லியிருக்கக் கூடாதா என்று அருணாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒருவேளை சொல்லியிருப்பார். அத்தனையிலும் எது நினைவிலிருக்கிறது?

கீழ்பென்னாத்தூரிலிருந்து தங்கை போன் செய்து கேட்டபோது, "அவளுக்கு ஒண்ணும் இல்லடி. இவனுக்குத்தான். நீ போன வெய்யி," என்றாள் பாஞ்சாலை. மறுநாளிலிருந்து முருங்கைக்கீரைச் சாறு முருகவேலுக்கு வந்தது. கரு ஏற்கெனவே ஆகிவிட்டது, இனி இது எதற்கு என்று அவன் கேட்டும் பயனில்லை.

இரண்டு மாதம் கழித்து வைத்த முதல் கரு நிற்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்த அன்று அருணாதேவி கட்டிலில் சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்தாள். முருகவேல் தண்ணீர் போடப் போகாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். யாரும் ஆறுதல் சொல்லாதது அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

இரண்டாவது கருவைக் கார்த்திகைத் தீபம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வைத்தார்கள். அது நின்றது. சில வாரம் கழித்து, ஸ்கேன் அறையில் டாக்டரம்மா ஸ்பீக்கரைப் போட்டதும் குதிரை ஓடுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. முருகவேல் அம்மாவுக்கு போன் போட்டான். மறுமுனையில் "ஹலோ, ஹலோ" என்று கேட்டுக்கொண்டேயிருக்க, அவன் போனை ஸ்பீக்கர் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றான்.

அருணாதேவி போனை அவன் கையிலிருந்து பிடுங்கினாள்.

"அத்தை, துடிக்குது," என்றாள்.