எந்திரிங்க, மணியடிச்சுட்டாங்க

வாருங்கள், சற்று நெருங்கி வந்து பாருங்கள். ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் சாப்பாட்டுக்கூடம் இது. கடைசி மேசையில் ஒருத்தி தட்டில் வைத்த கையை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறாள். சட்டைகளுக்குப் பை தைப்பவள். அதனால் இங்கே அவளுக்குப் பாக்கெட் அக்கா என்றே பெயர். மூன்று மேசை தள்ளி யாருடைய கைபேசியோ அலறுகிறது: "எந்திரிங்க, மணியடிச்சுட்டாங்க, எந்திரிங்க!" அதைத் துரத்திக்கொண்டு ஒரு தாளம், ஓர் ஊதல், ஓர் அசட்டுச் சிரிப்பு. நேற்று வேலைக்குச் சேர்ந்தவளின் அழைப்பொலி அது. பழையவர்கள் தத்தம் தட்டுகளைப் பார்க்கிறார்கள். பாக்கெட் அக்கா பிசைந்ததையே மறுபடியும் பிசைகிறாள். அந்தக் குரல் அவளுடையது. இதற்கு நீங்கள் சாட்சியாக வேண்டும். ஏனென்றால், இதைச் செய்தவன் இவன் என்று கைகாட்ட ஒருவரும் அகப்படவில்லை. எல்லோரும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்தார்கள்.

சென்ற ஆண்டு ஒரு காலை. இதே தொழிற்சாலையில் துணிப்பொதி ஏற்றி இறக்கிய அவள் கணவன், வாசலுக்குப் பத்தடி முன்னே, நெஞ்சைத் தடவியபடி உட்கார்ந்தான், உட்கார்ந்தவன் சாய்ந்தான். அந்நேரம் பார்த்து வேலைமணி அடித்தது. மணிக்குப் பிந்தினால் அரைநாள் போச்சு என்று ஓடி ஓடிப் பழகிய அவள் வாய், தெரிந்ததைச் சொல்லிற்று. அவன் தோளை உலுக்கி உலுக்கி அவள் சொன்னது அந்த ஒரு வரிதான். கூட்டத்தில் தண்ணீர் கொடுத்த கை ஒன்று. படம் பிடித்த கைகள் பல.

அந்தப் படம் முதலில் நண்பர் குழுக்களில் போயிற்று. மாலையில் தொலைக்காட்சிச் செய்தியாயிற்று. மறுவாரம் யாரோ ஒருவன் படத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் குரலை மட்டும் எடுத்து, விரைவாக்கி, தாளம் கட்டினான். அதன்பிறகு அது ஊர்ச்சொத்து. உறங்கும் பூனைக்கு அந்தக் குரலைப் போட்டார்கள்; தூங்கி வழியும் அலுவலக நண்பனுக்குப் போட்டார்கள்; பந்தை விட்ட ஆட்டக்காரனுக்குப் போட்டார்கள். மெத்தைக் கடைக்காரர் விளம்பரத்தில் வைத்தார். ஆளாளுக்கு ஒன்று கூட்டினார்கள். கூட்டியவர் எவருக்கும் அடியில் ஒரு பிணம் கிடப்பது தெரியாது. ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இங்கே ஊருக்கு வாயே தேவைப்படவில்லை, கட்டைவிரல் போதுமாயிருந்தது.

அவள் வரிசையின் மேற்பார்வைப் பெண் நல்லவள். பதிவுகளை நீக்கச் சொல்லிச் செயலியில் புகார் எப்படிக் கொடுப்பது என்று கற்றுக்கொடுத்தாள். விதிகளுக்கு முரணாக ஏதுமில்லை என்று பதில் வந்தது. இரக்கம் தாளாமல், இது எங்கள் அக்கா, இறந்தது அவர் கணவர் என்று அந்தப் பெண்ணே ஒரு பதிவின் கீழே எழுதிவைத்தாள். நாடகம் என்றார்கள் பாதிப்பேர். ஆதாரம் கேட்டார்கள் மீதிப்பேர். ஒருவன் அழுகை இசை சேர்த்துச் சோகப் பதிப்பு ஒன்றும் வெளியிட்டான். பூதம் போய்ப் பிசாசு வந்த கதை.

"சிரிக்கிறவங்களுக்கு உங்களத் தெரியாதுக்கா. தெரிஞ்சா சிரிக்க மாட்டாங்க" என்றாள் மேற்பார்வைப் பெண், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"தெரிய வைக்கணும்னா நான் இன்னொரு தடவ அழணும். எனக்குத் தெம்பு இல்லம்மா. அந்தப் பைத்துணிய இங்க தள்ளு."

சண்டை போடவும் ஓய்வு வேண்டும். அவளுக்கு ஓய்வு இல்லை. ஒன்றை மட்டும் காத்தாள்: ஒன்பது வயது மகளின் காதுக்கு இது போகக்கூடாது. அப்பா ஆஸ்பத்திரியில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லி வைத்திருந்தாள். அந்த விரைவில், அந்தக் கீச்சில், யார் குரலென்று குழந்தைக்குத் தெரியவா போகிறது? அப்பாவின் சாவும் ஊரின் சிரிப்பும் அந்தச் சின்னத் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்காதிருந்தால் போதும். அவள் கேட்டது அவ்வளவே.

சாப்பாட்டுக்கூடத்தில் நீங்கள் பார்த்த அதே வாரம், ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல். துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தவள் நிலைப்படியிலேயே நின்றாள். பாயில் ஒரு தலையணை படுத்திருந்தது. அதற்கு அவனுடைய நீலச் சட்டை மாட்டியிருந்தது. வீட்டிலிருந்த ஒரே ஆண்சட்டை அது. எதிரே தண்ணீர்ப் புட்டியில் சாய்த்துவைத்த கைபேசி. மகள் முழந்தாளிட்டுத் தலையணையை உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"எங்க கிளாஸ்ல எல்லாரும் இந்த 'எந்திரிங்க' வீடியோ பண்ணிட்டாங்கம்மா, நான் மட்டும்தான் பாக்கி. எனக்கு அந்தக் குரல் வரவே மாட்டேங்குது. எலி கத்துற மாதிரி இருக்கு. நீ சொல்லேன். உன் குரல்னா அச்சு அசல் வரும்."

அதட்டிப் பிடுங்கியிருக்கலாம். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாகப் பொய்தானே சோறு போட்டது. ஆனால் இன்று பிடுங்கினால் நாளை வகுப்பில் அடுத்த பெண்ணின் கைபேசியில் இருக்கும். எத்தனை கையைத் தட்டிவிடுவாள்? அவள் ஈரக் கைகளோடு பாயில் உட்கார்ந்தாள். சட்டையின் தோளைத் தொட்டாள். உள்ளே பஞ்சுதான் இருந்தது. ஆயினும் அவள் கை அறிந்த தோளையே தொட்டது.

"எந்திரிங்க" என்றாள். தாளமில்லை, விரைவில்லை. "மணியடிச்சுட்டாங்க... எந்திரிங்க."

மகளின் முகத்தில் ஆயத்தமாய் நின்ற சிரிப்பு வெளியேற வழி தெரியாமல் அப்படியே நின்றது. சட்டையைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். கைபேசியைத் தரையில் கவிழ்த்து வைத்தாள்.

"அது நீயாம்மா?"

"ஆமாண்டா கண்ணு."

"அப்ப, அது அப்பாவா?"

தாய் தலையசைத்தாள். குழந்தை அழவில்லை. தலையணையின் மேல் சுருண்டிருந்த சட்டையை மெல்ல இழுத்து நேராக்கினாள்.

"எங்க கிளாஸ்ல எல்லார்கிட்டயும் இருக்கும்மா. நாளைக்கு அவங்க போடுவாங்களே. நான் என்னம்மா சொல்லட்டும்?"

தாயோ, இருந்த தெம்பையெல்லாம் அந்த ஒரு வரியில் செலவழித்துவிட்டாள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம். நாளைக் காலை அந்தப் பெண் வகுப்பறை வாசலில் நிற்பாள். உள்ளே ஒரு கட்டைவிரல் திரைமேல் இறங்கும். அதற்குமுன், உங்கள் கையிலிருப்பதைத் திறவுங்கள். உங்களுக்கு வந்ததையும் நீங்கள் அனுப்பியதையும் தேடி எடுங்கள். ஒருமுறை, விரைவைக் குறைத்து, தாளமில்லாமல் கேளுங்கள். பிறகு அழியுங்கள்.