கழுத்துக்குப் போன சாவி

...சாவி ஆணியில் இல்லை, இன்றைக்கும் இல்லை, அப்படியென்றால் டாக்டர் ஹரிசங்கர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேதான் திரிகிறார், எட்டு வருடமாக ராகினியின் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கிய சாவி, நாய் பூனைகளைக் கடைசியாகத் தூங்க வைக்கும் மருந்து இருக்கிற அலமாரியின் சாவி, போன வெள்ளிக்கிழமையிலிருந்து மனுஷர் சட்டைக்குள் போய்விட்டது, ஏன்? ஒருவரும் சொல்லவில்லை. மருந்து குறைகிறது, தாதி ராகினிதான் எடுத்துவிட்டாள் என்று நினைக்கிறார்களா? எம்சிஓ ஊரடங்கில் எல்லாக் கிளினிக்கிலும் ஆளைக் குறைக்கிறார்கள், ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பத் திருட்டுப் பட்டத்தைவிட வசதியான சாக்கு உண்டா... இந்த வேலையும் போனால் அவளுக்கு என்ன மிச்சம்?

வாசலில் பெயர் பதிகிற ஹாஜரா மட்டும் யோக்கியமா, தானுண்டு தன் சோறுண்டு என்று இருந்தவள், நாலு நாளாகச் சூலியா தெருவிலிருந்து இரண்டு பொட்டலம் நாசி கண்டார் சோறு வாங்கிவந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறாள், “முட்டைய மிச்சம் வெக்காதீங்கக்கா, சாப்புடுங்கலா” என்கிறாள், கண்கொத்திப் பாம்பாகப் பார்க்கிறாள், அப்புறம் டாக்டரிடம் போய் ஒப்பிக்கிறாள், இரண்டு முகக்கவசங்களும் அசைகின்றன, ராகினி உள்ளே நுழைந்தால் நின்றுவிடுகின்றன. தூங்க வைக்கும் வேலையிலிருந்தும் டாக்டர் அவளைக் கழற்றிவிட்டார், “அத நான் பாத்துக்குறேன், நீங்க நகம் வெட்டுங்க ராகினி.” நகம்! யார் சுமந்த வேலை அது? வளர்த்தவர்கள் உள்ளே வரக்கூடாது, வெளியே காரில் இருந்தபடி வீடியோவில் பார்ப்பார்கள், ஒரு கையில் போன், ஒரு கையில் நாயின் தலை, அவர்கள் அழுதுகொண்டே சொல்வதை அதன் காதில் திருப்பிச் சொல்வது அவள், அம்மா இங்கதான் இருக்கேன், பயப்படாத, போய்ட்டு வா... ஒரே வாரத்தில் பதினொரு தடவை, அதில் மூன்று சீனர்களின் ஹொக்கியன் மொழியில். வீட்டுக்குப் போனால் பேச ஆளில்லை, அம்மா பாலம் தாண்டிக் கெப்பாலா பத்தாஸில், போலீஸ் விடாது, அம்மா போன் அடித்தாலும் ராகினி எடுப்பதில்லை, எடுத்தால் நாய்க் காதில் சொன்ன அந்த வார்த்தைகள்தான் வாயில் வருமோ என்று பயம்.

இதோ, ஹாஜரா சிகிச்சைக்கு வந்த பூனையை வாங்கிவர வெளிக்கேட்டுக்குப் போயிருக்கிறாள், டாக்டர் கை கழுவுகிறார், இப்போது விட்டால் பிடிக்க முடியாது, வேலை நீக்கக் கடிதம் நிச்சயம் ஹாஜராவின் மேசை இழுப்பறையில்தான்... இழுத்தாள். கடிதம் இல்லை. ஒரே ஒரு தாள், தூங்க வைக்கச் சம்மதிக்கும் படிவம், போன வியாழக்கிழமைத் தேதி, ராகினியின் கையெழுத்து, அன்றைக்குத் தூங்க வைத்த செம்பட்டைப் பூனைக்கு அவளே நிரப்பியது. விலங்கின் பெயர் என்ற கட்டத்தில் ‘ராகினி’. சே, இதற்கா இவ்வளவு, அசதி, தாதி பெயரை எழுதுகிற கட்டம் கீழே இருக்கிறது, கை மாறிவிட்டது, பதினொரு படிவம் நிரப்பினால் யாருக்கும்தான்... பக்கத்துக் கட்டத்தில் வயது. முப்பத்தாறு, அவளுடைய வயது. எந்தப் பூனைக்கு முப்பத்தாறு வயது? எழுதியது ஞாபகம் இல்லை, ஆனால் ஆறின் வால் அவள் போடுகிற மாதிரியேதான் வளைந்திருக்கிறது. அப்படியானால் அவர்கள் காவல் காத்தது மருந்தை அல்லவே...

வாசலில் கூடையோடு ஹாஜரா. இழுப்பறை திறந்திருப்பதைப் பார்த்தும் கோபப்படவில்லை.

“அக்கா, இன்னிக்கி எங்க வீட்டுல தங்கிக்கிறீங்களா? உம்மா பாய் எடுத்துப் போட்டுட்டாங்க.”

எதுக்கு, எனக்கென்ன, ஒண்ணுமில்லையே என்று சொல்ல வாயெடுத்தாள் ராகினி. ஒன்றுமில்லைதானா என்று நிச்சயமாகத் தெரியாததால், தன் பையை எடுத்துக்கொண்டாள்.