பாலம்மாள் எடுத்த கல்

கணவன் கடற்கரை ஜெயிலிலிருந்து வெளியே வந்த அன்று பாலம்மாள் அவனைச் சொந்த ஊருக்குக் கூட்டிப் போகவில்லை. கயத்தாறுக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் இருக்கிற அந்த ஊரில் மாரிசெல்வம் இருந்தான். ஆடு உளுந்துக்காட்டில் இறங்கிவிட்டது என்று வந்த சண்டையில் கடற்கரை கம்பால் அடித்துக் கொன்றது மாரிசெல்வத்தின் அண்ணன் பிச்சையாவை. சுடுகாட்டில் அண்ணனுக்குக் கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பும்போதே, "அவன் என்னைக்காவது வெளிய வருவாம்லா" என்று மாரிசெல்வம் சொல்லியிருந்தான்.

அதனால் கோவில்பட்டியில் ஒற்றை அறை ஒன்றை வாடகைக்குப் பிடித்திருந்தாள். கணவன் உள்ளே போன வருஷமே கிடை ஆடுகளை விற்றுவிட்டு, தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடைக்கிற வேலைக்கு வந்து சேர்ந்தவள் அவள். மாதம் ஒரு முறை பஸ் ஏறிப் போய், மனுப் போட்டு, கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று அவனைப் பார்த்துவிட்டு வருவாள். ஒரே ஒரு தடவைதான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"மொத அடி கோவத்துல அடிச்சது. சரி. விழுந்து கெடந்தவன ஏன் திரும்பவும் அடிச்சீய?"

கடற்கரை கம்பியை விட்டுவிட்டு உள்ளே திரும்பி நடந்தான். அவள் பிறகு கேட்கவும் இல்லை. ஆனால் விழுந்து கிடந்தவனை அடித்திருக்கிறது என்று கோர்ட்டில் டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவன் கை அவளுக்கு வேறு யாருடைய கையோ போல இருந்தது.

வெளியே வந்தவன் பாதி ஆளாக இருந்தான். ஜெயிலுக்குள் நடந்த மருத்துவ முகாமில் படம் எடுத்துப் பார்த்து, நெஞ்சில் டிபி என்று மாத்திரை கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மீதி மாத்திரையை வெளியே சாப்பிட வேண்டும். அவன் வந்து சேர்ந்த மறுநாளே சுகாதார நிலையத்திலிருந்து பிரேமா போனில் கூப்பிட்டாள். டிபி நோயாளிகளைக் கவனிக்கிற பொறுப்பு அவளுடையது.

"அக்கா, பாதியில விட்டா நோய் திரும்பி வந்துரும். பெறகு இந்த மாத்திரைக்குக் கேக்காது. நான் வீட்டுக்கே கொண்டாந்து தாரேன்."

"வேண்டாம்மா. வீட்டு ஓனருக்கு இவிய ஜெயிலுக்குப் போனதே தெரியாது. டிபின்னும் தெரிஞ்சா அன்னைக்கே சாமானத் தூக்கி வெளிய வச்சிருவாரு. நாங்களே வாரோம்."

அப்படித்தான் திங்கட்கிழமைதோறும் இருவரும் சுகாதார நிலையத்துக்குப் போக ஆரம்பித்தார்கள்.

கடற்கரைக்கு வெளி உலகம் பிடிபடவில்லை. கதவு சாத்தினாலும் பயந்தான், திறந்து கிடந்தாலும் பயந்தான். ஒரு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தவனைச் சாப்பிட எழுப்பலாமென்று தோளைத் தொட்டாள். கண் திறக்கும் முன்பே அவன் கை அவள் கழுத்தைப் பிடித்துவிட்டது. சுவரோடு சேர்த்து அழுத்தினான். அவள் காலால் உதைத்ததில் சோற்றுச் சட்டி உருண்டு விழுந்து, அந்தச் சத்தத்தில்தான் அவனுக்கு அவள் முகம் தெரிந்தது. கையை எடுத்துவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தான். மறுநாள் கழுத்தைச் சுற்றித் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் வேலைக்குப் போனாள்.

அதற்கடுத்த வாரம் டீக்கடையில் ஒருவன், "இருமுனா அங்கிட்டுப் போயி நில்லுவேய்" என்று சொன்னதற்கு, கடற்கரை கண்ணாடி கிளாஸோடு அவன் வாயில் அடித்தான். உதடு கிழிந்து தொங்கியது. பாலம்மாள் கடைக்காரர் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவனை மீட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று மாத்திரையைக் கொடுத்தபோது அவன் தட்டிவிட்டான். சிவப்பு மாத்திரைகள் அறை முழுக்கச் சிதறின.

"எதுக்குட்டி இது? நான் இருந்து என்ன செய்யப் போறேன்? உன்னையும் ஒருநாள் கொன்னுருவேன்."

அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள். பொறுக்கி முடித்து அவன் முன்னால் வந்து நின்றாள்.

"செத்தா சாவுங்க. ஆனா நான் மனுப் போட்டுட்டு அந்த வாசல்ல நின்ன நாளையெல்லாம் எனக்குத் திருப்பித் தந்துட்டுச் சாவுங்க."

அவன் செம்பில் தண்ணீர் மொண்டான். பிறகு கையை நீட்டினான்.

மாரிசெல்வத்துக்கு அவர்கள் இருக்கும் வீடு தெரியாது. ஆனால் திங்கட்கிழமை எங்கே போவார்கள் என்பது தெரிந்துவிட்டது. ஊர்க்காரர் யாரோ பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தபோது பார்த்திருக்கிறார்கள். அடுத்த திங்கட்கிழமை காலையில் அவன் பைக்கில் வந்து, சுகாதார நிலையத்தின் வெளிவாசல் வேப்பமரத்தடியில் நின்றான். அன்று தடுப்பூசி நாள். கைப்பிள்ளைகளோடு தாய்மார்கள் வராண்டாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

பாலம்மாள் பாட்டிலில் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். கடற்கரை மட்டும் வாசலருகே நின்றான். பேச்சு எதுவும் இல்லை. மாரிசெல்வம் துண்டில் சுற்றியிருந்த அரிவாளை உருவி ஒரே வீச்சாக வீசினான். முதல் வெட்டு இடது தோளில் இறங்கியது. கடற்கரை கையைத் தூக்கித் தடுக்க, இரண்டாவது வெட்டு முழங்கைக்குக் கீழே எலும்பு வரை போனது. அவன் காம்பவுண்ட் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தான். சுவரில் ரத்தம் ஒரு பட்டையாகக் கீழே இறங்கியது.

வராண்டாவில் பெண்கள் அலறினார்கள். பிரேமா பிள்ளைகளையும் தாய்மார்களையும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"எங்கண்ணனும் இப்பிடித்தாம்லே கெடந்தான்" என்று சொல்லி மாரிசெல்வம் மூன்றாவது முறை ஓங்கினான்.

சுவரை நீட்டிக் கட்ட இரண்டு லோடு கருங்கல் கொட்டியிருந்தார்கள். பாலம்மாள் அதில் ஒன்றை எப்போது எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. பின்னாலிருந்து அவன் தலையில் அடித்தாள். அவன் குப்புற விழுந்தான், அரிவாள் சிமெண்டுத் தரையில் சறுக்கிக்கொண்டு போனது. அவன் புரண்டு எழுந்திருக்கப் பார்த்தான். அவள் அவன் நெஞ்சில் முழங்காலை ஊன்றி முகத்தில் அடித்தாள். மூக்கு உடைந்த சத்தம் கேட்டது. மறுபடியும் அடித்தாள். ஒரு கண் இருந்த இடத்தில் ரத்தம் கொப்பளித்தது. அவன் வேண்டாம் என்பதுபோல இரண்டு கைகளையும் விரித்தான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டேதான் மறுபடியும் அடித்தாள். அவளுக்குள் பயமோ கோபமோ எதுவும் இல்லை. கை தானாகப் போய்வந்தது. நிறுத்தவேண்டும் என்கிற நினைப்பே வரவில்லை.

கடற்கரை தரையில் உட்கார்ந்தவாறே உடம்பை இழுத்து இழுத்து அவளிடம் வந்தான். நல்ல கையால் அவள் இடுப்பை வளைத்துப் பிடித்தான்.

"விடுட்டி. போதும். விடு."

அவள் திரும்பி அவனையும் அடித்தாள். கல் அவன் நெஞ்செலும்பில் பட்டது. இருமல் பொத்துக்கொண்டு வந்தது, ஆனாலும் பிடியை விடவில்லை.

"ஏட்டி, அங்கன உன்னால இருக்க முடியாது. சொல்லுதேன்ல, நான் இருந்திருக்கேன். உன்னால முடியாது."

அவள் கையிலிருந்து கல் விழுந்தது.

பிரேமா வெளியே ஓடிவந்து தன் துப்பட்டாவைக் கிழித்து முதலில் கடற்கரையின் கையை இறுக்கிக் கட்டினாள். பிறகு மாரிசெல்வத்தின் தலையை ஒருபக்கமாகத் திருப்பி வாயிலிருந்த ரத்தத்தை வழித்து எடுத்தாள். அவன் மூச்சு விட்டான். ஒரே ஆம்புலன்ஸில் இருவரையும் ஏற்றினார்கள். பாலம்மாளைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள்.

மாரிசெல்வம் பிழைத்துக்கொண்டான். ஒரு கண் போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்தே அவனைக் கைது செய்தார்கள். பாலம்மாள் மேலும் வழக்கு. அரிவாள் கைவிட்டுப் போன பிறகும், விழுந்து கிடந்தவனை அடித்தாள் என்பதுதான் அவள்மேல் குற்றம். முதலில் வெட்டியது யார் என்று பிரேமா ஸ்டேஷனில் போய்ச் சொன்னாள். கல்லால் எத்தனை தடவை அடித்தாள் என்று இன்ஸ்பெக்டர் கேட்டதற்கும் அவள் பொய் சொல்லவில்லை. பாலம்மாளைத் திருநெல்வேலியில் உள்ள பெண்கள் சிறைக்குக் கொண்டு போனார்கள்.

கடற்கரை கையில் தையலும் கட்டுமாக ஆஸ்பத்திரியிலிருந்து வந்தான். வீட்டு ஓனர் அறையைப் பூட்டிச் சாமான்களை வெளியே வைத்திருந்தார். பிரேமா தன் அத்தை வீட்டின் பின்கட்டில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, மாத்திரைய நிப்பாட்டாதீங்க. வீட்டுல யாராவது ஒருத்தர் பாத்துக் குடுக்கணும். இப்ப யாரு இருக்கா?"

"நானே எனக்குக் குடுத்துக்கிடுவேன்மா."

இலவசச் சட்ட உதவி வக்கீலிடம் தினமும் போய் உட்கார்ந்தான். இருமல் வந்தால் எழுந்து வெளியே போய் இருமிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்வான். யார் அவனை ஒரு சொல் சொன்னாலும் கை ஓங்கவில்லை. கை ஓங்கினால் அவளை வெளியே எடுக்க ஆளில்லை என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

முதல் தடவை மனுப் போட்டு அவளைப் பார்க்கப் போனபோது, எங்கே நிற்க வேண்டும், யாரிடம் ஆதார் கார்டைக் காட்ட வேண்டும் என்று தெரியாமல் வாசலில் தடுமாறினான். உள்ளே இருந்து பழகியவனுக்கு வெளியே நிற்கிற வரிசை புதிதாக இருந்தது. சோப்பும் கடலைமிட்டாயும் வாங்கிப் போயிருந்தான்.

பாலம்மாள் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். ஆள் மெலிந்திருந்தாள்.

"நிறுத்த முடியலங்க" என்றாள். "அவன் கையை விரிச்சதப் பாத்தேன். பாத்தும் அடிச்சேன்."

"ம்."

"உங்களக் கேட்டேன்லா ஒருநா. இனி கேக்க மாட்டேன்."

"கேளு" என்றான் கடற்கரை. "கேக்கணும். நீ ஒருத்தி கேட்டதுனாலதான் நான் உள்ள இருந்த வருசமெல்லாம் அத நெனச்சேன். இல்லன்னா அவன் செத்தது செத்ததுன்னு இருந்திருப்பேன். உன்னப் பிடிச்சி இழுத்ததும் அதனாலதான்."

அவள் அழுதாள். பிறகு ஜெயிலில் இருமுகிறவர்களைப் பற்றிப் பேச்சு மாறியது. தன்னோடு ஒரே அறையில் இருக்கிற ஒருத்திக்கு வெகுநாளாக இருமல் என்றும், தானே நர்சம்மாவிடம் சொல்லிச் சளி பரிசோதனைக்கு அனுப்பியதாகவும் சொன்னாள். பாலம்மாளுக்கும் பரிசோதனை செய்தார்களாம், ஒன்றுமில்லையாம்.

மாசி மாதக் கடைசியில் ஜாமீன் கிடைத்தது. வழக்கு இன்னும் நடக்கும், தண்டனையும் வரலாம் என்று வக்கீல் ஒளிக்காமல் சொன்னார்.

வெளியே வந்தவள் செருப்பில்லாமல் தார் ரோட்டில் நின்றாள். சூடு காலில் ஏறியும் நகரவில்லை. கடற்கரை தன் செருப்பைக் கழற்றி அவள் முன்னால் போட்டான். பெரிய செருப்பை இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தாள்.

கோவில்பட்டி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கங்கைகொண்டான் தாண்டுவதற்குள் தூங்கிப்போய் அவன்மேல் சாய்ந்தாள். வெட்டுப்பட்ட தோள். தையல் பிரித்த இடம் இன்னும் ஆறவில்லை. பஸ் குழியில் இறங்கி ஏறும்போதெல்லாம் அவள் தலை அதே இடத்தில் மோதியது. கடற்கரை பல்லைக் கடித்துக்கொண்டு, முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தபடி ஆடாமல் இருந்தான்.