சொன்ன விலைக்கு ஒரு மௌனம்

மார்ச் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் சொன்ன விலையை ஒருத்தி அப்படியே கொடுத்துவிட்டாள்.

இதில் என்ன வந்தது என்று கேட்பீர்கள். மெல்பர்னில், பெல் தெரு அங்காடியில், இருபது வருஷமாகத் துணிக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் சோமாலிப் பெண்கள் கல்யாணத்துக்கு உடுத்தும் மெல்லிய அங்கிகள், உள்பாவாடை, சாம்பிராணி, மருதாணி. எதற்கும் நான் சொல்லும் முதல் விலை ஸலாம் சொல்வது மாதிரி, பேச்சைத் தொடங்கிவைக்கத்தான். நூற்றிருபது டாலர் என்பேன். வந்தவள் நாற்பது என்பாள். நான் நெஞ்சில் கைவைப்பேன். அவள் தாயைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்வேன், என் துணியைப் பற்றி அவள் ஒன்பது வார்த்தை சொல்வாள், கடைசியில் எழுபதுக்கு முடித்துவிட்டு இரண்டு பேரும் தேநீர் குடிப்போம். என் வாப்பா எங்கள் ஊர் புராவ் சந்தையில் ஒட்டகத் தரகர். பேரம் பேசாமல் காசை நீட்டுகிறவன் வாங்க வந்தவன் இல்லை, மய்யத்து வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தவன் என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமைக்காரி ஒரு வெள்ளைக்காரி. சிவப்பு விளிம்புக் கண்ணாடி. நூற்றிருபது என்றதும் வங்கி அட்டையை இயந்திரத்தில் தட்டினாள். தட்டிவிட்டு, கல்லாவைச் சுற்றி உள்ளே வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவள் கண்ணீரில் என் முக்காடு நனைந்தது.

"நீங்கதானே ஸகலோட அம்மா? உங்க தைரியத்துக்கு ரொம்ப நன்றி."

எந்தத் தைரியம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த அங்கிக்கு நூற்றிருபது சொல்லக் கொஞ்சம் தைரியம் வேண்டும்தான்.

ஸகல் என் ஒரே மகள். இந்த ஊரிலேயே பிறந்தவள். பிப்ரவரியில் அவள் எழுதிய நாவல் வெளிவந்திருந்தது. இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எண்களும் நிறங்களும் "உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்பதும்தான். புத்தக அட்டையில் ஒரு முக்காட்டுக்காரி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பற்றிய புத்தகம் எதிலும் முகம் இருப்பதில்லை. முகத்துக்குத் தனிக் காசு போலிருக்கிறது. 'பேசாதவர்களின் குரல்' என்று பத்திரிகையில் எழுதியதை ஸகல் எனக்குப் படித்துக் காட்டினாள். யாரோ பேசாத பெண், பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

சிவப்புக் கண்ணாடிக்காரிக்குப் பிறகு வாசகர் வட்டப் பெண்கள் இரண்டு மூன்றாக வரத் தொடங்கினார்கள். பொய் சொல்லமாட்டேன், முதல் இரண்டு வாரம் எனக்குக் கொண்டாட்டம்தான். நூற்றிருபது நூற்றறுபது ஆயிற்று. அழுதுகொண்டே தட்டினார்கள்.

மூன்றாவது வாரம் லாதன் வந்தாள். கல்யாணப் பெண். எங்களவள். அவளுடைய தாய் ஒரு திரைச்சீலைக்காக என்னோடு நாலு மணி நேரம் சண்டை போட்ட வீராங்கனை. மகளும் சோடைபோகமாட்டாள் என்று கையைத் தேய்த்துக்கொண்டு, கல்யாண அங்கிக்கு முந்நூறு என்றேன்.

லாதன் தரையைப் பார்த்தாள். "சரி மாமி."

"என்னடி சரி?"

"முந்நூறு தர்றேன் மாமி."

"இங்க பாருடி, ஓரத்துல நூல் பிரிஞ்சிருக்கு. இந்தச் சரிகை துபாய் சரிகையே இல்ல. கேளுடி!"

"பரவாயில்ல மாமி. உங்க மனசு நோகக் கூடாது."

கடைக்குள் எனக்குக் குளிரடித்தது. அங்கியை மூடிவைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்கு ஓடினேன். அங்கே பர்னி சம்பூசா பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஜனத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. அவள் பெரும்பல் பர்னி. நான் நீளவாய் தஹபோ. முகத்துக்கு நேரே அப்படித்தான் கூப்பிடுவோம், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

"பர்னி, என் சொந்தத்துல யாராவது செத்துட்டாங்களா? எல்லாரும் எங்கிட்ட மறைக்கிறீங்களா?"

"நீதான் செத்துட்ட," என்றாள் பர்னி, கரண்டியை ஆட்டி. "அம்பதாம் பக்கத்துலயாம். என் பொண்ணு படிச்சுட்டு வந்து ஒரு ராத்திரி பூரா மூக்கச் சிந்துறா. நைரோபில மூணு வருஷம் ஜன்னலோரமா உக்காந்து ஒரு வார்த்தை பேசாம இருந்தியாம்."

"யாரு?"

"நீ."

"நானா?"

"நானும் அதத்தான் கேட்டேன். வேற தஹபோவா இருக்கும்டின்னேன். இல்லயாம். உனக்கு அங்க பூஃபிஸ் புடிச்சிருந்துச்சாம்."

அப்போதுதான் எனக்கு வெளிச்சம் வந்தது.

பூஃபிஸ் என்பது ஊதுகிற சமாச்சாரம். சண்டைக்குத் தப்பி நைரோபியில் ஈஸ்ட்லியில் நாங்கள் குவிந்துகிடந்த நாட்களில், வெளிநாடு போகிற ஆசை ஆளை உள்ளிருந்து பலூன் மாதிரி ஊதும். அதுதான் பூஃபிஸ். சோறு இறங்காது, படுத்தால் விமானம் கேட்கும். நார்வேக்கு நேர்காணல் வந்த ஒருவன் வெயிலில் கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் திரிந்தான். பிறகு எங்களோடு அந்த வார்த்தையும் விமானம் ஏறியது. இறங்கிய இடத்தில் தொழிலை மாற்றிக்கொண்டது. அங்கே கணக்கு வாத்தியாராக இருந்த என் புருஷன் வர்ஸமே இங்கே டாக்சி ஓட்டவில்லையா, அதுபோல. மெல்பர்னில் பிறந்த பிள்ளைகளுக்கு பூஃபிஸ் என்றால் மனச்சோர்வு, மாத்திரை, வாரம் ஒருமுறை ஒரு அம்மாளிடம் போய்ப் பேசுவது.

"நைரோபில மூணு வருஷம் எனக்கு பூஃபிஸ்" என்று என்றைக்கோ பாத்திரம் கழுவும்போது மகளிடம் சொன்னேன். அவள் அதிலிருந்து முந்நூறு பக்கம் நெய்துவிட்டாள். என்னிடம் இல்லாத மௌனத்தை விற்று அவள் குரல் வாங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஸகல் வீட்டுக்கு வந்தாள். ஆட்டுக்கறிச் சோறும் வாழைப்பழமும் வைத்தேன். அவள் முதல் கவளம் எடுத்ததும் ஆரம்பித்தேன்.

"எனக்கு பூஃபிஸ்னு சொன்னேன். அழுதேன்னு சொன்னேனா?"

"பூஃபிஸ்னா டிப்ரஷன்தானே உம்மா?"

"பூஃபிஸ்னா விசா!"

"அப்ப அந்த ஜன்னல்?"

"ஏஜெண்ட் வர்றானான்னு பாக்க உக்காந்தேன். கீழ கெடக்கற என் துணிமூட்டைய எவனாவது தூக்கறானான்னும் பாக்கணும்ல? மூணாவது மாடிலேருந்து கத்தியே வியாபாரம் பண்ணேன்டி. என் தொண்டைக்கு எதிரா அந்தத் தெருவே கையெழுத்துப் போட்டு மனு குடுத்துச்சு."

ஸகலின் கையில் கவளம் அப்படியே நின்றது. மறுநாள் மத்தியானம் நூலகத்தில் அவள் புத்தகத்துக்குக் கூட்டம். இருநூறு நாற்காலி. முன்வரிசையில் எனக்கு ஒன்று.

"உம்மா, நாளைக்கு அங்க இதச் சொல்லிடாதீங்க."

"சொல்லாம இருந்தா என்ன தருவே?"

"என்ன வேணும்?"

"ஒரு மாசம் சனிக்கிழமையெல்லாம் கடைல வந்து உக்காரணும்."

"சரி."

"ரெண்டு மாசம்."

"சரி உம்மா."

"ஆறு மாசம்! வெள்ளிக்கிழமையும் சேத்து!"

"உங்களுக்கு எது சந்தோஷமோ அது," என்று சொல்லி என் கையின்மேல் தன் கையை வைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்களின் கையை அப்படித்தான் தொடுவார்கள்.

பெற்ற மகளும் எனக்கு முதல் விலையைக் கொடுத்துவிட்டாள். வெள்ளைக்காரிகள் போகட்டும், லாதனும் போகட்டும். இவள் பத்து வயதில் ஒரு பொம்மைக்காக என்னோடு தொண்டை கிழியப் பேசியவள். இப்போது என்னைத் தோற்கடிக்கக்கூட அவளுக்கு மனம் வரவில்லை. அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான்: இந்தப் பெண் என்னோடு மறுபடி மல்லுக்கட்ட வேண்டும்.

நூலகத்தில் முன்னால் வாசகர் வட்டங்கள். பின்னால் கடையைப் பூட்டிவிட்டு வந்த எங்கள் அங்காடிப் பெண்கள், நடுவில் பெரும்பல் பர்னி. ஐந்தாவது வரிசையில், டாக்சியைத் தப்பான இடத்தில் நிறுத்திவிட்ட கவலையோடு வர்ஸமே. மேடையில் ஸகலும், கூட்டம் நடத்துகிற ஜில் என்ற அம்மாளும். ஸகல் ஒரு அத்தியாயம் படித்து, எல்லோரும் மூக்கைத் துடைத்தபிறகு, ஜில் என்னை மேடைக்கு அழைத்து ஒலிவாங்கியை நீட்டினாள். ஏதோ கேட்டாள். ஸகல் தலையைக் குனிந்தபடி எங்கள் மொழியில் சொன்னாள்: "மௌனத்துலேருந்து நீங்க எப்படி வெளிய வந்தீங்கன்னு கேக்கறாங்க."

வாக்குக் கொடுத்திருந்தேன், உண்மை. ஆனால் பேரம் பேசாத விலைக்கு வியாபாரம் படிந்ததாகக் கணக்கில்லை. எங்கள் சந்தைச் சட்டம் அது.

எங்கள் மொழியிலேயே பேசினேன். மூன்றாவது மாடி, மனு, நார்வே கோட்டுக்காரன், என்னைவிட இருபது வயது மூத்த ஒருத்தியின் பாஸ்போர்ட்டை என் தலையில் கட்டப் பார்த்த ஏஜெண்ட், அவனை நான் என்ன சொல்லித் திட்டினேன் என்பது உட்பட. பின்வரிசைப் பெண்கள் தொடையில் அடித்துச் சிரித்தார்கள். முன்வரிசை, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஸகலைப் பார்த்தது.

ஸகல் ஒலிவாங்கியில் இங்கிலீஷில் ஒரே வரி சொன்னாள்.

"அடியே!" என்று பின்னாலிருந்து கத்தினாள் பர்னி. "'அது ரொம்பக் கஷ்டமான காலம்'னு உங்கம்மா எப்பச் சொன்னாடி?"

"கோட்டுக்காரன் எங்க?" என்றாள் இன்னொருத்தி.

"ஏஜெண்டோட அம்மாவப் பத்திச் சொன்னத விட்டுட்டா!"

ஸகலின் காது சிவந்தது. ஒலிவாங்கியை மேசைமேல் வைத்துவிட்டு என் பக்கம் முழுசாகத் திரும்பினாள்.

"சரி. நைரோபில இல்ல. இங்க?"

"இங்க என்ன?"

"எனக்கு ஆறு வயசு. மளிகைக் கடைக்குப் போயி சாமானெல்லாம் வண்டில ஏத்திடுவ. அப்புறம் வண்டிய எடுக்கவே மாட்ட. ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு அப்படியே உக்காந்திருப்ப. ஐஸ்கிரீம் உருகி என் ஸ்கூல் பையில ஒழுகும். நான் அத எங்க கொண்டுபோயி எழுதறது? ஊர மாத்தி எழுதினேன். மூணு வருஷம் நீ அப்படி இருந்தே, உம்மா!"



அவள் சொன்னது நிஜம். குடியுரிமை கொடுத்த அன்று மேயர் கைகுலுக்கி ஒரு செடித்தொட்டியும் கொடுத்தார். வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன். இனிமேல் போவதற்கு ஊர் இல்லை, வேண்டுவதற்குக் காகிதம் இல்லை. எப்படிக் கிளம்புவது என்று நூறு ஏஜெண்ட் சொல்லிக்கொடுப்பான். வந்து சேர்ந்தபிறகு என்ன செய்வது என்று ஒருவனும் சொல்வதில்லை. ஊதிவைத்ததில் காற்று போய்விட்டது. குழந்தை பின்சீட்டில் ஐஸ்கிரீம் கவனமாக இருக்கிறாள் என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அழுதிருக்கலாம். இருநூறு பேர் அதற்குத் தயாராக இருந்தார்கள்.

"மூணு வருஷமா?" என்றேன். "பொய் சொன்னா நாக்கு அழுகிடும். ஆறு மாசம்."

"ஆறு மாசமா! ரெண்டு ரமலான் போச்சு. ரெண்டுலயும் சம்பூசா வாப்பாதான் சுட்டாரு. ஒண்ணுகூட முக்கோணமா வரல."

"ஆமா, வரல," என்றார் வர்ஸமே ஐந்தாவது வரிசையிலிருந்து.

"நீங்க சும்மா இருங்க. எனக்கு அப்ப இடுப்பு வலி. எட்டு மாசம்."

"இடுப்பு வலிக்கு யாராவது தக்காளிக்காரன் சொன்ன விலையக் குடுப்பாங்களா? நீ குடுத்தே. நான் பாத்தேன்."

பின்வரிசை முழுக்க "யா அல்லாஹ்" என்றது. எத்தனையோ பேர் எத்தனையோ இடத்தில் என்னை மடக்கியிருக்கிறார்கள்; இப்படி ஒரு குத்து வாங்கியதில்லை.

"பத்து," என்றேன்.

"ரெண்டு வருஷம்."

"பன்னெண்டுன்னு முடிச்சுக்கடி தஹபோ!" என்றாள் பர்னி.

"விடாதடி ஸகல்!" என்று பின்வரிசையிலிருந்து கல்யாணப் பெண் லாதனின் குரல் கேட்டது.

"பன்னெண்டு. அதுக்குமேல ஒரு நாள் கெடையாது. உன் புத்தகத்த நீயே வெச்சுக்க."

"நீயே வெச்சுக்க உன் பன்னெண்ட." ஸகல் பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். மேடையைக் கடந்து படியில் கால் வைத்தேவிட்டாள்.

"பதினாலு!"

திரும்பினாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. கண் கலங்கியிருந்தது, ஆனால் தாடை அப்படியே என் வாப்பாவின் தாடை.

"பதினாலு," என்றாள். "அடுத்த பதிப்புல நைரோபி ஜன்னல் இருக்கும். ஆனா நீ அதுலேருந்து கத்துவே. காரும் இருக்கும்."

"கத்தறது பக்கம் பக்கமா வரணும்."

"ரெண்டு பக்கம்."

"நாலு."

"மூணு. அவ்வளவுதான் உம்மா, கெளம்பு."

கைகொடுத்தாள். அழுத்தமாகப் பிடித்து, அவள் விடுவதற்குள் ஒரு முறை குலுக்கினேன். பின்வரிசையில் யாரோ குலவையிட்டார்கள். முன்வரிசையும், எதற்கென்று தெரியாமலே, கைதட்டியது.

ஜில் ஒலிவாங்கியைத் தேடி எடுத்து, அம்மா என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். ஸகல் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"பதினாலு மாசம்னு சொல்றாங்க," என்றாள்.

உண்மையில் பத்தொன்பது. அவள் மேடையிலிருந்து இன்னும் இரண்டு படி இறங்கியிருந்தால் அதையும் கொடுத்திருப்பேன்.