அம்மாயிபொங்

ப்ரியம்வதாவுக்கு வேலை செய்யும் அனுமதி கைக்கு வந்து ஐந்து வாரம். வேலை கிடைத்து மூன்று வாரம். சான்டா கிளாராவில் ஹான் என்னும் கொரியர் நடத்திவந்த சுற்றுலா அலுவலகம் அது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டுக் கோடையில் ஊருக்குப் பறக்கும் தமிழ்க் குடும்பங்களை வழியில் மூன்று நாள் கொரியாவில் இறக்கி, மாயிசான் மலையைக் காட்டி அனுப்புவது அவர் வகுத்த திட்டம். வெள்ளி நண்பகலுக்குள் பன்னிருவர் சேர்ந்தால் அவள் வேலை நிலைக்கும். இல்லையேல் அந்த அனுமதி வரும்வரை நான்காண்டு காத்துக்கிடந்த வீட்டையே மறுபடியும் காக்கவேண்டியதுதான்.

செவ்வாய் வரை சேர்ந்தவர் நால்வர். அன்று மாலை இந்திய மளிகைக் கடையில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஈரோட்டு வசந்தாமணியிடம் விளம்பரத் தாளை நீட்டினாள். கொங்குக் குடும்பங்களுக்குள் அந்த அம்மையார் சொன்னால் அதற்குமேல் பேச்சில்லை.

"மலைன்னா மேல என்ன சாமி கண்ணு?"

கேள்வி நியாயமானதே. வேலனைப் பாடிப் பழகிய நாவுக்கு வெறுங்குன்று என்று ஒன்று உலகில் இல்லை.

"கீழ ஒரு புத்தர் கோயில் ஆன்ட்டி. சாந்தே இல்லாம வெறும் கல்லை அடுக்கி அடுக்கி கோபுரம் கோபுரமா நிக்குது. அடிவாரத்துல கடைத்தெரு, ஜின்செங் டீ, ஹோட்டல் எல்லாம் இருக்கு. மேல ரெண்டு சிகரம். நாம ஏறப்போறது அம்மாயிபொங்."

"என்னது?"

"அம்மாயிபொங்."

முருங்கைக்காய் கை நழுவியது. கொங்கு நாட்டில் அம்மாயி என்றால் தாயைப் பெற்ற தாய்; மறைந்த அம்மாயியைத் தெய்வமாய்க் கும்பிடும் வீடுகளும் உண்டு.

"அட, கொரியாக்காரன் ஊருல அம்மாயிக்குப் பொங்க வெக்கிற மலையா! இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

ப்ரியம்வதா திருத்த வாயெடுத்தாள். வேலை நினைவுக்கு வந்தது. வாய் தானே மூடிக்கொண்டது.

வியாழனுக்குள் பட்டியலில் பதினான்கு பெயர். ஹான் மனம் குளிர்ந்து, அவள் பெயரில் விசிட்டிங் கார்டு அடிக்கச் சொல்லிவிட்டார்.

வெள்ளி காலை பத்தரைக்குத் தொலைபேசி மணி அடித்தது. வசந்தாமணிதான்.

"கண்ணு, பித்தளப் பானைய செக்-இன்ல போடலாமா, கையில கொண்டு வரோணுமா? எங்க நாத்தனாருங்க மூணு பேரும் விரதமே ஆரம்பிச்சுட்டாங்க."

விரதம் என்ற சொல் ப்ரியம்வதாவுக்கு முள்ளாய்த் தைத்தது. விளக்கேற்றித் தெய்வத்தின் பெயரைச் சொல்லாமல் ஒருநாளும் வாசற்படி தாண்டாதவள் அவள். அந்தப் பெயரைக் காட்டியா ஆள் பிடிப்பது?

"ஆன்ட்டி, ஸாரி. அது நம்ம அம்மாயி இல்ல. 'அம்'னா பெண், 'மாயி'ன்னா குதிரைக் காது, 'பொங்'னா சிகரம். தூரத்துலேந்து பாத்தா ரெண்டு சிகரமும் குதிரைக் காது மாதிரி தெரியும், அதான் பேரு. அன்னிக்கே சொல்லிருக்கணும்."



"அப்ப நாங்க பானையத் தூக்கிட்டு மலையேறி, பொட்டக் குதிரை காதுக்குப் பொங்க வெச்சிருப்போம்?"

"ஆமா ஆன்ட்டி."

"நல்லா இருந்திருக்கும் போ. நாத்தனாருங்க மூணு பேர் பேரையும் அடிச்சுடு. சாமி இல்லீன்னா வரமாட்டாங்க."

பட்டியலில் மிஞ்சியது பதினொன்று; ஒரு பெயர் குறைந்தது. தமிழறியாத ஹான் எதிரில் அமர்ந்து புன்னகை புரிந்துகொண்டிருந்தார்.

"அதென்ன ரெண்டு காது? இன்னொண்ணு ஆரு?"

"ரெண்டும் புருஷன் பொண்டாட்டியாம் ஆன்ட்டி. கொழந்தைகளோட வானத்துக்குக் கெளம்பிச்சாம். நடுராத்திரியே போயிடலாம்னு புருஷன்; பயமா இருக்கு, விடியட்டும்னு பொண்டாட்டி. விடிகாலையில எழும்பறச்சே, தண்ணி எடுக்க வந்த ஒருத்தி பாத்துக் கத்திட்டா. அப்படியே கல்லா நின்னுடுத்தாம். உன்னாலதான்னு கோவிச்சுண்டு புருஷன் கொழந்தைகளைத் தன் பக்கம் இழுத்துண்டுட்டாராம்."

வசந்தாமணி சிரித்த சிரிப்பில் தொலைபேசி அதிர்ந்தது.

"இதென்ன, எங்க வீட்டுக் கதையா இருக்குது! ஏர்போர்ட்டுக்குன்னா இந்த மனுசன் ஆறு மணி நேரம் முன்னாடியே ஷூவ மாட்டிட்டு நிப்பாரு. லேட்டானா எம்மேல பழி. எனக்கு வேலை இருக்குது, நீங்க போயிட்டு வாங்கன்னாரு. விடுவனா? அந்தக் கல்லக் காட்டியே ஆவோணும். எழுதிக்க கண்ணு, மயில்சாமி."

"யாரக் கேட்டு எம்பேர எழுதச் சொல்ற?" என்று பின்னாலிருந்து ஓர் ஆண்குரல் எழுந்தது.

ப்ரியம்வதா அதற்குள் எழுதி முடித்திருந்தாள்.