கடைசி ஆளின் வேலை

கையைத் தூக்கியபடி நளாயினி நிற்கிறாள், கார்கள் நிறுத்துமிடத்தின் முனையில், கையில் அந்த மஞ்சள் பெட்டி, பனிச்சரிவில் புதைந்தவரைக் கண்டுபிடிக்கிற பெட்டி, ஒவ்வொருவராக அவளைக் கடந்து நடக்க, ஒவ்வொரு மார்பிலும் கட்டியிருக்கிற அதேமாதிரிப் பெட்டிக்கு அது கீச்சென்று ஒரு தடவை கத்துகிறது, சரி, போங்கோ, அடுத்த ஆள், சரி, போங்கோ, தவநேசன் வரிசையில் கடைசி, எப்போதும் கடைசி, அந்த இடத்தை அவளே கொடுத்திருந்தாள், வட நோர்வேயில் பதினாறு வருடம் மீன் வெட்டிய அவன் கைக்கு யாராவது கொடுத்த ஒரே பதவி அது. மற்றவர்களைச் சோதிக்கும்போது அவளுடைய பெட்டி தேடும் நிலையில் இருக்கும், எதையும் அனுப்பாது, அப்படியே புதைந்தால் அது ஊமை, பழைய பெட்டி, தானாக மாறவும் மாறாது, ஆகவே எல்லோரும் கடந்தபின் அவள் அதை அனுப்பும் நிலைக்குத் திருப்ப வேண்டும், கடைசி ஆள் தன் பெட்டியை நீட்டி அவளைச் சோதிக்க வேண்டும், ஐந்து விநாடி வேலை, அவ்வளவுதான்.

நளாயினி அந்த ஊரிலேயே பிறந்தவள், அவனைவிட மூன்று வயது இளையவள், அவனறிந்த ஒரே தமிழ் மலைவழிகாட்டி, பனிச்சறுக்குப் பலகைகளின் அடியில் தோலை ஒட்டி வழுக்காமல் மேடேற ஒரு குளிர்காலம் முழுக்க அவனைப் பழக்கினாள், பனியில் குழி வெட்டி அடுக்குகளை விரலால் தொட்டுக் காட்டினாள், இஞ்ச பாருங்கோ, சீனி மாதிரி உதிருது, இதுக்கு மேல கிடக்கிறதெல்லாம் ஒருநாள் வழுக்கும், அவன் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான், ரீச்சர் என்று கூப்பிட்டான், அவளுக்கு அது பிடிக்காது, ரீச்சர் எண்டு கூப்பிடாதேங்கோ அண்ணை, நானும் பிழை விடுவன், என்னை நம்பாதேங்கோ, பெட்டியை நம்புங்கோ, அவன் சிரித்தான், நீங்கள் பிழை விடுறதோ ரீச்சர், நல்ல கதை.

அந்த மார்ச் காலை, ஒஸ்லோவிலிருந்து புதிதாக நாலு டொக்டர்மார், சோதனை முடிகிற நேரம் பார்த்து ஒருத்தியின் பலகைத் தோல் கழன்று விழுந்தது, நளாயினி பெட்டியை அப்படியே நெஞ்சுப்பட்டிக்குள் செருகிவிட்டுக் குனிந்தாள், பனியைச் சுரண்டி ஒட்டினாள், நிமிர்ந்தாள், நேரம் போச்சு, வெளிக்கிடுவம். தவநேசன் பெட்டியோடு நிற்கிறான். ரீச்சர், உங்கடை பெட்டி, மூன்றே சொல், நாக்கு நுனிவரை வந்துவிட்டது, படித்த ஆட்களுக்கு முன்னால் அவளை மறதிக்காரி ஆக்குவதா, மரியாதை இல்லையே, அவளுக்குத் தெரியாததா, திருப்பியிருப்பாள், இவ்வளவையும் நினைத்து அவன் சொல்லை விழுங்கினான், விழுங்கியதில் ஒரு பெருமைகூட இருந்தது, அந்தப் பெருமையின் முகத்தில் காறித் துப்ப வேண்டும்.

மலைமேல் ஒரு சரிவை முதலில் அவள் தனியாகக் கடந்தாள், மற்றவர்கள் காத்திருந்தார்கள், அதுவும் அவள் படிப்பித்த முறைதான், பாதி வழியில் ஒரு வெடிப்புச் சத்தம், படுக்கை விரிப்பை உருவுவதுபோல் சரிவின் பனி முழுவதும் உருவிக்கொண்டு போனது, அவளையும் கொண்டு போனது. ஐந்து பேரும் தங்கள் பெட்டிகளைத் தேடும் நிலைக்கு மாற்றினார்கள், ஐந்தும் வாய் திறக்கவில்லை, கீழே அவளுடையதும் தேடிக்கொண்டுதான் கிடந்தது, நீளக்கம்பியால் குத்திக் குத்தி அவளைக் கண்டெடுக்க ஐம்பது நிமிடம், உயிர் அதற்கு முன்பே போய்விட்டது. வழிகாட்டி தன் பெட்டியை மாற்ற மறந்தார் என்று அறிக்கையில் எழுதினார்கள், பிழை முழுவதும் அவள் தலையில், தவநேசன் வாய் திறக்கவில்லை. செத்தவீட்டில் அவளுடைய தாய் அவன் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், கடைசிவரை தோண்டினது நீங்கள்தானாம் தம்பி, அந்த அண்ணையைவிடக் கவனமான ஆள் இல்லையெண்டு பிள்ளை எப்பவும் சொல்லுவாள், நகம் பிய்ந்த அந்தக் கைகளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், அவன் அதையும் வாங்கிக்கொண்டான்.

வேலை முடிந்து பஸ்ஸில் கண் சொருகினால் போதும், அதே கார்கள் நிறுத்துமிடம், ஆனால் கையைத் தூக்கி நிற்பது இப்போது அவன், வரிசையில் அவள் ஒருத்திதான், முடியெல்லாம் பனி, அருகே வருகிறாள், அவன் பெட்டி கத்தவில்லை, அவள் போகாமல் நின்று அவன் முகத்தையே பார்க்கிறாள், கேளுங்கோ அண்ணை, மூன்றே சொல், பார்க்க டொக்டர்மாரும் இல்லை, ஒருவரும் இல்லை, அவன் வாயைத் திறக்கிறான், சரி ரீச்சர், போங்கோ.