மாமா கை தூக்கிய பிறகு

1

என் அத்தை என்னிடம் கதை எதுவும் கேட்கவில்லை. மாமாவின் தேர்தலுக்கு ஒரு துண்டுப் பிரசுரம்தான் கேட்டாள். "நாலு வரி போதும். ரொம்பப் புகழ்ந்துடாத, அப்புறம் வீட்ல என்னால சமாளிக்க முடியாது."

நாலு வரிக்குள் மாமா அடங்கவில்லை.

2

'விடிவெள்ளியாய்த் தோன்றிய நம்—'

(வேண்டாம். விடிந்து வெகுநேரம் கழித்து எழுகிறவர்.)

'கால்நடை மருத்துவரான இவர், கன்று ஈனத் திணறிய பசுவுக்குள் தோள்வரை கையை விட்டபடி நகரசபைக்கு நிற்கச் சம்மதித்தார்.'

இது உண்மை. கேட்க வந்தவர்கள் நகர்வதாக இல்லை. அவர்களைக் கிளப்பி விடத்தான் "சரி சரி" என்றார். ஜெயித்தும் விட்டார். தெருக்களுக்குச் சாக்கடை போட்ட நல்ல பேரில் மாகாணசபைக்கும் போனார்.

3

இங்கேதான் பேனா நின்றது. அந்த வருடம் மாடுகளுக்குக் கோமாரி பரவியது. நோய் கண்ட தொழுவங்களில் எல்லா மாடுகளையும் கொன்று புதைக்க மாகாணசபையில் தீர்மானம் வந்தது.

கட்சித் தலைவர் போன் செய்தார். "ஓட்டெடுப்பு அன்னிக்கு மட்டும் காய்ச்சல்னு சொல்லிடுங்க டாக்டர்."

"எனக்குக் காய்ச்சல் இல்லையே."

மாமா சபைக்குப் போனார். தீர்மானத்துக்கு ஆதரவாகக் கை தூக்கினார். மறுநாள் எங்கள் தெருப் பால்காரம்மாவின் தொழுவத்துக்கு ஊசியோடு அவரே போனார்.

"கை தூக்குனப்ப என் முகம் ஞாபகம் வரலையா டாக்டரே?"

"வந்துச்சும்மா. உன் தம்பி தொழுவமும் ஞாபகம் வந்துச்சு. அங்க இன்னும் நோய் வரல."

அவள் ஒவ்வொரு மாட்டின் கழுத்தையும் பிடித்துக்கொண்டாள். அவர் ஊசி போட்டார்.

(மாமா கதறி அழுததாக ஒரு பத்தி எழுதியிருந்தேன். அத்தை அதைக் கோடு போட்டு அடித்துவிட்டாள். "அழல. வந்து சட்டையோட குளிச்சாரு. அதை எழுது.")

நோய் அந்தத் தொழுவத்தைத் தாண்டவில்லை. வராத நோய்க்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

4

தேர்தலன்று வாக்குச்சாவடியில் பால்காரம்மா எங்களுக்கு முன்னால் நின்றாள். திரும்பியே பார்க்கவில்லை. ஓட்டுப் போட்டு வெளியே வந்தவள் மாமா முன்னால் நின்றாள்.

"என்ன இப்படி இளைச்சுப் போயிட்டீங்க? ஒழுங்கா சாப்பிடுறீங்களா இல்லையா?"

பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

வீடு வரும்வரை இதே பேச்சு. "சாப்பிடச் சொன்னவ எனக்கு ஓட்டுப் போடாமலா இருப்பா?" என்றார் மாமா.

"போடாதவதான் அப்படி விசாரிப்பா," என்றாள் அத்தை.

5

மாமா தோற்றார். அதை மறைக்கப் போவதில்லை. பெரிய வித்தியாசத்தில் தோற்றார். அதைவிடப் பால்காரம்மாவின் அந்த ஒரு ஓட்டுதான் அவரை இன்னும் குடைகிறது. அவள் போட்டாள் என்றும் போடவில்லை என்றும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் அவளாகவே இருக்கிறாள்.

அவள் சாவடிக்குள் இருக்கிறாள். கையில் வாக்குச்சீட்டு. நீங்களே குத்திவிடுங்கள்.